ரூவேர் கணவாயில் உப்பு

இடுப்பு போயே போய்விட்டது. ஒரு வாரமாக, கசப்புச் சாராயத்துக்கான ஜென்சியன் வேர் தோண்டியிருந்தோம். ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புக் கவைக்கோல், நுனியில் இரண்டு பல். அதை மண்ணில் குத்தி, மேலே ஏறி நின்று, உடம்புக் கனத்தை எல்லாம் பின்னால் சாய்த்து நெம்பினால்தான் அந்த வேர் வெளியே வரும். வராத வேரும் உண்டு. அப்போது வேருக்குப் பதில் நம் முதுகில் ஏதோ ஒன்று கழன்று வரும். ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச் வாசல் படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்க, பக்கத்துத் தூணைப் பிடிக்க வேண்டியிருந்தது.

"என்ன செவரின், புள்ளத்தாச்சியா?" என்று கேட்டான் பேக்கரி ஜெரோம்.

"ஆமா. உன்னுதுதான்."

அவன் பெண்டாட்டி பக்கத்திலேயே நின்றாள். அவள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

வலி இருந்தாலும் எனக்கு அன்று காலெல்லாம் பரபரத்தது. முதல் நாள் ராத்திரி ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. எங்கள் லா வெர்னூஸ் ஊரின் மலையோட்டம் அன்றைக்குத்தான் முதல்முறையாக ரூவேர் கணவாயைத் தாண்டப் போகிறது. பாதை போட்டது நான்.

அதுவரை எங்கள் ஓட்டம் பாதி மலை, பாதி தார் ரோடு. பீச் மரக்காட்டில் ஏறி, இரண்டு அணைந்த எரிமலை முகட்டைத் தொட்டு, மூன்றாவதுக்குப் போகலாம் என்று மூச்சைப் பிடிக்கும்போது டெல்மாஸின் மேய்ச்சல் நிலம் குறுக்கே வந்துவிடும். மின்வேலி, கருங்கல் சுவர், அதற்கு அந்தப் பக்கம் அவனுடைய செம்பழுப்புச் சலேர் மாடுகள். ஓடுகிறவர்கள் அங்கே திரும்பி, பால் வண்டி போகிற ரோட்டில் ஊர் வரைக்கும் தட் தட் என்று இறங்க வேண்டும். எரிமலை பார்க்க வந்தவனைத் தார் ரோட்டில் ஓடவிட்டால் அடுத்த வருஷம் அவன் எதற்கு வருவான்? வரவில்லை. வருஷா வருஷம் கூட்டம் குறைந்தது. போன இலையுதிர்காலத்தில் ஊராட்சிக் கூட்டத்தில் சொல்லிவிட்டார்கள்: இன்னும் ஒரு தடவை பார்ப்போம், இல்லையென்றால் மூட்டை கட்டிவிடுவோம்.

நான் குளிர்காலம் முழுக்க டெல்மாஸ் வீட்டுக்கு நடந்தேன். மனுஷனுக்கு அறுபது தாண்டிவிட்டது. இரண்டு முழங்காலும் தேய்ந்தவை. வாயில் மட்டும் தேய்மானம் இல்லை.

"ஓடுறதுக்கு எதுக்கும்மா மலை? வீட்டைச் சுத்தி ஓடச் சொல்லு."

"ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை, மிசியே டெல்மாஸ். ஒரு காலைப்பொழுது."

"போன வருஷம் உங்க பிளாஸ்டிக் ரிப்பனைத் தின்னுட்டு என் மாடு ரெண்டு நாள் அசை போடாம நின்னுச்சு. கீழ்ப் பாதையில வழி காட்டக் கட்டின ரிப்பனுக்கே அந்தக் கதி. மாட்டு டாக்டருக்கு யாரு சோறு போட்டது? நான்தான்."

கடைசியில் பிப்ரவரி மாதத்தில், எங்கள் மஞ்சள் கசப்புச் சாராயத்தில் இரண்டு கிளாஸ் உள்ளே போனபிறகு, ஒத்துக்கொண்டான். இரண்டு நிபந்தனை. ரிப்பன் கிடையாது. அப்புறம்,

"ஒரு மாடு, ஒரே ஒரு மாடு, கணவாயைத் தாண்டி அந்த ரிபேர் பயலோட நிலத்துக்குப் போச்சுன்னா, உன் பாதை அன்னிக்கே செத்துது. அவனோட வெள்ளைக் காளை என் கிடாரி மேல ஏறி, அடுத்த வருஷம் எனக்குப் புள்ளி புள்ளியாக் கன்னுக்குட்டி பொறந்துச்சுன்னா, நீ வந்து வளர்ப்பியா?"

ரிபேருக்கும் டெல்மாஸுக்கும் பேச்சு நின்று எத்தனையோ காலம் ஆகிறது. காரணம் இரண்டு பேருக்கும் மறந்துவிட்டது. கோபம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. பாதைக்கு ரிபேர் முன்பே சரி சொல்லியிருந்தான்.

சரி என்று கையைக் கொடுத்தேன். ரிப்பனுக்குப் பதில் சுண்ணாம்புத்தூள். தரையில் கைப்பிடி அளவு தூவி அம்புக்குறி போட வேண்டியது, மழை வந்தால் தானாகக் கரைந்துவிடும், யார் வயிற்றுக்கும் கேடில்லை. சனிக்கிழமை நாள் முழுக்கக் குனிந்து குனிந்து அம்பு போட்டேன். மிச்சமிருந்த இடுப்பும் அதில்தான் போனது. சனிக்கிழமை ராத்திரி இடியோடு மழை. மேலே போட்ட அத்தனை அம்பும் கரைந்துவிட்டன.

அதனால் விடியும்போதே ரெஜிஸை மேலே அனுப்பினேன். என்னோடு வேர் தோண்டுகிறவன். மாட்டுக் கணக்காகப் பலம், மாட்டுக் கணக்காகப் பொறுமை. அதற்கு முன்னால் பல கோடைகாலம் டெல்மாஸிடமே பால் கறந்தவன். அந்த நிலத்தில் எந்தக் கல் ஆடும் என்று தெரிந்த ஆள். அரை மூட்டை சுண்ணாம்புத்தூளை அவன் தோளில் ஏற்றிவிட்டேன். ஜெரோமுக்கு வேறு வேலை: ஒன்பது மணிக்கு, பாதை மின்வேலியைக் கடக்கும் இடத்தில் கம்பியை இறக்கிவிட வேண்டும், பிறகு ஏறிக் கணவாயில் போய் வாக்கி-டாக்கியோடு நிற்க வேண்டும். மாடுகள் கீழ்ப் பக்கம், ஓடைக்கரையில். கம்பி இருக்கும் இடத்திலிருந்து வெகு தூரம். மாடு காலையில் தண்ணீரை விட்டு மேலே ஏறாது. எல்லாம் யோசித்திருந்தேன்.

எட்டு மணிக்கு மணி அடித்து ஓட்டத்தைத் தொடங்கிவிட்டோம். சதுக்கத்தில் நிற்க இடமில்லை. லியோனிலிருந்து வந்திருந்தார்கள், கிரெனோபிளிலிருந்து வந்திருந்தார்கள், ரூவேர் கணவாய் என்ற பெயரைப் பார்த்தே வந்தவர்கள். அத்தனை கால்களும் ஒரே நேரத்தில் சந்துக்குள் புகுந்தபோது கல் தரை அதிர்ந்தது.  கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

முதல் கூட்டத்திலேயே நதேஜைப் பார்த்தேன். எங்கள் ஊர்ப் பெண், இருபத்தைந்து வயது இருக்கும். கூட்டுறவுப் பாலாடைக்கட்டிக் கிடங்கில் வேலை. கன்றுக்குட்டி எடை இருக்கும் ஒவ்வொரு கட்டியும். அதை நாள் முழுக்கத் தூக்கிப் புரட்டிப் போடுகிறவள். தோளைப் பார்த்தால் கிடங்கு, தொடையைப் பார்த்தால் மலை. அவளுக்குப் பக்கத்தில் கிரெனோபிள்காரி ஒருத்தி, கண்ணாடி முதல் காலுறை வரை கம்பெனி கொடுத்தது.

"நதேஜ், அவ ஷூவைப் பாத்து பயந்துடாதடி!"

"ஷூவா ஓடப் போகுது?" என்று திரும்பாமலே கத்திவிட்டுப் போனாள்.

பெண்களில் முதலாவதாக வருகிறவளுக்கு, ஆகஸ்டில் ஆல்ப்ஸில் நடக்கும் பெரிய ஓட்டத்தில் ஒரு இடம். அதற்குச் சீட்டுக் குலுக்கல் போட்டு வருஷக்கணக்கில் காத்துக்கிடப்பவர்கள் உண்டு. நதேஜ் பெயர் நாலு வருஷமாகக் குலுக்கலில் விழவில்லை.

ஒன்பதரை இருக்கும். ரெஜிஸ் அவனுடைய பழைய பாண்டா காரில் வந்து இறங்கினான். முழங்கால் வரை சேறு. நேரே சாப்பாட்டு மேசைக்குப் போய் ஒரு துண்டு பன்றிக்கறியை வாயில் போட்டுக்கொண்டான்.

"எல்லாம் போட்டாச்சா?"

"போட்டாச்சு. குருடன்கூட வழி தப்ப மாட்டான்."

"தூள் பத்துச்சா? அரை மூட்டைதானே கொடுத்தேன்."

"எங்க பத்துச்சு? கணவாய்க்கு முன்னாடியே தீந்துடுச்சு."

"அப்புறம்?"

"அதான் டெல்மாஸோட கல்குடிசை இருக்கே. உள்ள ஒரு மூட்டை உப்பு வச்சிருந்தான். அதை எடுத்துப் போட்டுட்டேன். நல்லா வெள்ளையா, பளிச்சுனு இருக்கு. உன் சுண்ணாம்பைவிட மேல்."

நான் அவனையே பார்த்தேன். அவன் மென்றுகொண்டிருந்தான்.

"உப்பு."

"ஆமா."

"மாட்டு உப்பு."

"பின்ன, மனுஷ உப்பையா மூட்டையில வச்சிருப்பான்?"

இதை வேறு ஊர்க்காரன் செய்யமாட்டான். செய்யவே தோன்றாது. சலேர் மாடு கன்று பக்கத்தில் இல்லாமல் ஒரு சொட்டுப் பால் விடாது. கன்றைக் கொஞ்சம் ஊட்டவிட்டு, தாயின் முன்னங்காலில் கட்டி, அதன் முதுகில் ஒரு கை உப்பைத் தூவிவிட்டால், தாய் அதை நக்கிக்கொண்டே மயங்கி நிற்கும், நாம் கறந்துகொள்ளலாம். ரெஜிஸ் தோளில் எப்போதும் ஓர் உப்புப் பை தொங்கும். பால் வேலையை விட்டபிறகும் தொங்கியது. கைக்கு வெள்ளையாக ஏதாவது வேண்டும் என்றால் அவன் கை உப்புக்குத்தான் போகும். வருஷக்கணக்காக அவன் உப்பைத் தூவினான், மாடு வந்தது. இன்று உப்பைத் தூவிவிட்டு மாடு வரும் என்பதை மட்டும் மறந்துவிட்டான்.

அவன் தாடை நின்றது. கறித்துண்டு வாயிலேயே இருந்தது.

"மாடுங்க கீழ்ப் பக்கந்தான இருக்கு? நடுவுல மின்வேலி..."

"வேலியை ஒன்பது மணிக்கு இறக்கியாச்சுடா! நான்தான் இறக்கச் சொன்னேன்!"

அந்த நேரம் பார்த்து இடுப்பில் வாக்கி-டாக்கி கரகரத்தது. ஜெரோம்.

"செவரின், இங்க மாடு வருது."

"எத்தனை?"

"எல்லாம்."

"விரட்டு!"

"எதை? கொம்பு வச்சிருக்கு செவரின், இவ்வளவு நீளம்! நான் பாறை மேல ஏறிட்டேன்."

"என்ன பண்ணுதுங்க?"

"நக்குதுங்க. அம்பை நக்குதுங்க. ஒரு அம்பை முடிச்சுட்டு அடுத்த அம்புக்குப் போகுதுங்க. உன் பாதையிலதான் வரிசையா போகுதுங்க. கணவாய்ப் பக்கமா."

அம்புகள் எங்கே போகின்றன? கணவாயைத் தாண்டி, சுவர் இடிந்த இடைவெளி வழியாக, ரிபேரின் நிலத்துக்கு. அங்கே வெள்ளைக் காளை.

ரெஜிஸ் அதற்குள் வண்டியில் ஏறியிருந்தான். நான் கதவைச் சாத்துவதற்கு முன்னால் பாண்டா கிளம்பிவிட்டது. ரோடு செங்கல் நிறச் சரளைக் குவாரி வரைக்கும்தான். அங்கிருந்து கணவாய்க்கு ஒரே வழி நேர் மேலே. பழைய எரிமலையின் முதுகு அது. சிவப்புச் சரளை, பூட்ஸ் அளவுக்கு ஓட்டை ஓட்டையான கற்கள், ஒரு புல் கிடையாது. யாரும் அதில் ஏறுவதில்லை. இரண்டு அடி வைத்தால் ஒரு அடி சறுக்கும்.

ஏறினோம். கையையும் காலாக்கி ஏறினோம். கல் எல்லாம் கண்ணாடித்தூள் மாதிரிச் சத்தம் போட்டுக் கீழே ஓடியது. என் இடுப்பு முதல் ஐந்து நிமிஷம் கத்தியது, அப்புறம் கேட்பாரில்லை என்று வாயை மூடிக்கொண்டது. நுரையீரல் தொண்டைக்கு வந்துவிட்டது. ரெஜிஸ் முன்னால், அவன் உதைத்துவிடும் சரளை எல்லாம் என் முகத்தில்.

"மெதுவா உதைடா, எருமை!"

"பேசாம ஏறு! பேசுற மூச்சை மிச்சம் பிடி!"

வாக்கி-டாக்கி சும்மா இருக்கவில்லை. இரண்டாவது முகட்டில் நின்ற தபால்காரி அங்கிருந்து ஓட்டத்தைப் பார்த்துக் கூத்தாடிக்கொண்டிருந்தாள். "முதல் ஆள் போயிட்டான்! பச்சைச் சட்டை! பறக்குறான்! பின்னாடியே ரெண்டாவது! ஐயோ, நதேஜ்! நம்ம நதேஜ் வர்றா! ஆம்பளைங்களோட சேத்தே ஆறாவது! பொம்பளையில முதல்! அந்தக் கிரெனோபிள் பொண்ணு இன்னும் காட்டுக்குள்ளயிருந்தே வெளிய வரல!"

நான் சரளையில் முகம் புதைந்து கிடந்தபடியே "ஓடுடி!" என்று கத்தினேன். யாரைச் சொல்கிறேன் என்று தெரியாமல் ரெஜிஸ் இன்னும் வேகமாக ஏறினான்.

வலப்பக்கம் முகட்டு விளிம்பில் புள்ளிகள் தெரிந்தன. பச்சைப் புள்ளி ஒன்று, வானத்தின் கோட்டில், குதித்துக் குதித்து. அவர்களுக்கும் கணவாய், எங்களுக்கும் கணவாய். அவர்கள் சுற்றி வருகிறார்கள், நாங்கள் நேரே ஏறுகிறோம். யார் முன்னால்? வாழ்க்கையில் ஒரு பந்தயத்திலும் நான் ஓடியதில்லை. அன்றைக்கு என் ஓட்டத்தை எதிர்த்தே நான் ஓடினேன்.

மேலே கையை ஊன்றித் தலையை நீட்டியபோது முதலில் தெரிந்தது ஒரு மூக்கு. ஈரமான, ரோஜா நிற மூக்கு. பின்னால் முழு மந்தை. சுருட்டை முடி, செம்பழுப்பு, கொம்புகள் ஒன்றோடு ஒன்று உரச, கழுத்தில் கிணிங் கிணிங் என்று மணிகள். முட்டிக்கொண்டும் தள்ளிக்கொண்டும் தரையை நக்கின. மழையில் கரைந்த என் வளைவுகளின் மேல் ரெஜிஸ் உப்பால் போட்ட அம்பு எதையும் ஒரு மாடுகூடத் தப்பவிடவில்லை. மனிதர்களில் இவ்வளவு ஒழுங்காக என் பாதையில் யாரும் போனதில்லை. முன்னால் நின்ற கிழட்டு மாட்டுக்கும் சுவர் இடைவெளிக்கும் நடுவே மூன்று அம்புதான் மிச்சம்.

பாறை உச்சியில் ஜெரோம், சர்ச் மாடத்துச் சிலை மாதிரி.

"வந்துட்டீங்களா! கடவுளே!"

"இறங்கு! இறங்கி அந்த இடைவெளியில போய் நில்லு!"

"நான் ரொட்டி சுடுறவன், செவரின்!"

"நின்னா மட்டும் போதும்டா, கையை விரிச்சுக்கிட்டு!"

ரெஜிஸ் தன் தோள் பையைத் திறந்தான். தொப்பியைக் கழற்றி, இருந்த உப்பை எல்லாம் அதில் கொட்டிக் குலுக்கினான். அப்புறம் தலையைப் பின்னால் சாய்த்து ஒரு குரல் கொடுத்தான். நான் அவனோடு எத்தனையோ வருஷம் வேலை செய்திருக்கிறேன், அந்தக் குரலைக் கேட்டதில்லை. நீளமாக, பாட்டும் இல்லாமல் கத்தலும் இல்லாமல், "தே... தே... தே வா, வா, வாம்மா..." என்று அது மலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தது. மாடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் தலை தூக்கின. கிழட்டு மாடு நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு திரும்பியது. அவனை அதற்குத் தெரியும். அவன் பின்பக்கமாகவே நடந்தான், தொப்பியைக் குலுக்கிக்கொண்டே. கிழட்டு மாடு நடந்தது. அதன் பின்னால் மந்தை முழுக்க அலை திரும்புகிற மாதிரித் திரும்பியது.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அப்போது பச்சைச் சட்டைக்காரன் முகட்டிலிருந்து குதித்தான்.

அவன்மேல் தப்பில்லை. ஓடுகிறவன் ஓடினான். கையில் இரண்டு கம்புகள், முதுகில் காற்றில் படபடக்கும் பை, நேரே மந்தையின் வால் பக்கம். கடைசியில் நின்ற கிடாரி ஒன்று, முதல் கொம்பு முளைத்த வயசு, ஒரு துள்ளுத் துள்ளியது. வாலைத் தூக்கிக்கொண்டு ஜெரோமை நோக்கிப் பாய்ந்தது. ஜெரோம் கையை விரித்துத்தான் நின்றான், அதற்காக அவனைப் பாராட்ட வேண்டும். கடைசி நொடியில் கையை மடக்கிக்கொண்டு உருண்டான். கிடாரி இடைவெளியைத் தாண்டி, அந்தப் பக்கச் சரிவில் இறங்கியது.

ஒரு மாடு. ஒரே ஒரு மாடு.

நான் ஓடினேன். பத்து அடியில் இடது கால் மடங்கி விழுந்தேன். எழுந்து பார்த்தால் கிடாரி ஏற்கெனவே பாதிச் சரிவில். வெகு கீழே இன்னொரு ஓடை, அதற்கு அப்பால் ரிபேரின் காளை மேயும் வேலி. வேலி ஓரம் வெள்ளையாக ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது.

பின்னால் மூச்சுச் சத்தம். இரண்டு ஆண்கள் என்னைத் தாண்டி, அம்புக்குறி காட்டிய வலது பக்கம் திரும்பிப் பறந்தார்கள். இன்னும் இருவர். அதற்குப் பின்னால் நதேஜ், முகமெல்லாம் வேர்வை காய்ந்து வெள்ளைக்கோடு, கண் இரண்டும் எரிந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால் முகட்டில் அந்தக் கிரெனோபிள்காரி இப்போதுதான் தலை காட்டினாள்.

"நதேஜ்!"

அவள் நிற்கவில்லை.

"நதேஜ்! கிடாரி! டெல்மாஸோட கிடாரி!"

நின்றாள். சரிவைப் பார்த்தாள். வெள்ளைக் காளையைப் பார்த்தாள். டெல்மாஸின் நிபந்தனை ஊரில் எல்லோருக்கும் தெரியும். திரும்பி முகட்டைப் பார்த்தாள். கம்பெனி ஷூ இரண்டும் இறங்கிக்கொண்டிருந்தன.   என் முகத்தைப் பார்த்தாள்.

"நாசமாப் போ செவரின்!" என்று கத்திவிட்டு, அம்பு காட்டிய பக்கம் போகாமல், நேரே கீழே பாய்ந்தாள்.

அப்படி ஒரு ஓட்டத்தை நான் பார்த்ததில்லை. எந்தப் பந்தயத்திலும் பார்க்க முடியாது. ஜூன் மாதப் புல், இடுப்பளவு ஜென்சியன் செடிகள், நடுவே மறைந்திருக்கும் கருங்கற்கள். அவள் கல்லின் மேல் கால் வைக்கவில்லை, கல்லைத் தொட்டுத் தொட்டு விட்டாள். கிடாரிக்குப் பின்னால் போகவில்லை. பின்னால் போனால் அது இன்னும் ஓடும். பக்கவாட்டில் பெரிய வட்டம் போட்டாள். ஓடைக்கு முன்னால் போய் நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், கிடாரிக்குத் தெரியாது. கிடாரி நாலு கால், இவள் இரண்டு கால். ஜெரோம் என் பக்கத்தில் வந்து நின்று என் கையை நசுக்கிக்கொண்டிருந்தான். "போறா, போறா, போறா," என்று முணுமுணுத்தான். காளை ரம்பம் அறுக்கிற மாதிரி ஒரு சத்தம் விட்டது.

ஓடைக்கு ஒரு கல்லெறி தூரத்தில் அவள் முன்னால் குதித்தாள். கை இரண்டையும் விரித்தாள். கிடாரி நான்கு காலையும் ஊன்றி நின்றது. புல் கிழிந்து மண் தெரிந்தது. இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு மூச்சு வாங்கின.

இனி எப்படித் திருப்புவாள்? கயிறு இல்லை, கம்பு இல்லை, உப்பு இல்லை. நான் மேலிருந்து என்னத்தைக் கத்துவது? அவள் ஒரு கையை மெதுவாக நீட்டினாள். கிடாரி மோந்தது. ஒரு எட்டு வைத்தது. நாக்கை நீட்டி அவள் முழங்கையை நக்கியது. அப்புறம் தோளை. அப்புறம் கழுத்தை. இரண்டு மணி நேர வேர்வை காய்ந்து அவள் உடம்பு முழுக்க உப்பாகப் பூத்திருந்தது.

ஜெரோம் முதலில் புரிந்துகொண்டான். "அவளையே நக்குது!" என்று நின்ற இடத்திலேயே குதித்தான்.

அவள் பின்பக்கமாக நடந்தாள். கிடாரி நக்கிக்கொண்டே வந்தது. திரும்பி நடந்தாள். முதுகை நக்கிக்கொண்டே வந்தது. அந்தச் சரிவு முழுவதையும் அப்படித்தான் ஏறினாள். மாடு நக்கும் வேகத்தில்தான் ஏற முடியும். ஓட முடியாது. ஓடினால் எல்லாம் வீண். எங்களுக்கு வலப்பக்கம், என் அழகான பாதையில், கிரெனோபிள்காரி போனாள். அடுத்து இன்னொருத்தி. அடுத்து இன்னொருத்தி. நதேஜ் ஒவ்வொருத்தியையும் பார்த்தாள். கூச்சத்தில் நெளிந்தாலும் சிரிக்கவில்லை. மாட்டு நாக்கு அரம் மாதிரி. அவள் தோள் சிவந்துவிட்டது.

இடைவெளிக்கு வந்ததும் நானும் ஜெரோமும் கிடாரியை உள்ளே தள்ளி, கிடைத்த கல்லை எல்லாம் போட்டு, ஆள் தாண்டும் உயரத்துக்குச் சுவரை அடைத்தோம். இந்த நேரத்துக்கு ரெஜிஸ் மந்தையைக் கம்பிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோயிருந்தான். நதேஜ் தண்ணீர்க் குடுவையை எடுத்து முழுதும் தலையில் ஊற்றிக்கொண்டாள். விட்ட இடத்தில் மறுபடி நின்று, அம்பைப் பார்த்து, ஓடினாள். மிச்ச வழியில் இரண்டு பேரைப் பிடித்துவிட்டாள் என்று அப்புறம் சொன்னார்கள். கிரெனோபிள்காரியைப் பிடிக்கவில்லை. இரண்டாவதாக வந்தாள்.

மத்தியானம் சதுக்கத்தில் உருளைக்கிழங்கும் புதுப் பாலாடைக்கட்டியும் பெரிய சட்டிகளில் நூல் நூலாக இழுபட்டன. கூட்டத்தின் சத்தம் தாங்கவில்லை. ஓடினவர்களுக்கு வாய் மூடவில்லை. "அந்தக் கணவாய்! அந்த மாடுங்க!" என்று ஒருவன் இன்னொருவனைப் பிடித்துச் சொன்னான். லியோன்காரன் ஒருவன் மாடுகளும் ஏற்பாட்டில் ஒரு பகுதி என்று நினைத்து என்னிடம் வந்து கை குலுக்கினான்.

டெல்மாஸ் கம்பை ஊன்றி வந்தான். கழுத்தில் பைனாகுலர் தொங்கியது.  பொய் சொல்ல வழியே இல்லாமல் போய்விட்டது.

"தாண்டுச்சா?" என்று கேட்டான்.

"தாண்டுச்சு. ஒண்ணு."

"அந்த ரிபேர் பயலோட புல்லை மிதிச்சுச்சா?"

"மிதிச்சுச்சு. காளை கிட்டப் போகல."

தலையை ஆட்டினான்.  ரெஜிஸ் எனக்குப் பின்னால் மறைய முயன்றுகொண்டிருந்தான். அவன் உடம்புக்கு என் பின்னால் மறைய முடியாது.

"ரிபேர் வேலி ஓரத்துல நின்னு எல்லாத்தையும் பாத்தான். என் கிடாரி ஒரு பொண்ணு பின்னாடி நாய்க்குட்டி மாதிரி வீட்டுக்குத் திரும்பி வர்றதை அவன் கண்ணால பாத்தான். அவன் காளை கத்துச்சு, என் கிடாரி திரும்பிக்கூடப் பாக்கல." அவன் உதடு கோணியது. சிரிக்கிறான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. "பாதை இருக்கட்டும். அந்தச் சுவரை நீங்களே ஒழுங்காக் கட்டணும். இந்த எருமைப் பய குடிசைப் பக்கம் வரக் கூடாது. எனக்கு ஒரு தட்டு போடு. பாலாடைக்கட்டி நிறைய."

பாதை இருக்கிறது. அவனைக் கட்டிப்பிடித்திருப்பேன், இடுப்பு வளையவில்லை. ஊராட்சித் தலைவி மேசை மேல் ஏறி அடுத்த வருஷத் தேதியைச் சொன்னாள். எல்லோரும் கத்தினார்கள். ரெஜிஸ் என்னைத் தூக்கினான், நான் வலியில் அலறினேன், அதையும் சந்தோஷம் என்று நினைத்து இன்னும் கத்தினார்கள்.

நதேஜ் குதிரைத்தொட்டியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் தட்டு. தோளில் யாரோ களிம்பு தடவிவிட்டிருந்தார்கள். மேடையில் கிரெனோபிள்காரி ஆல்ப்ஸ் ஓட்டத்துக்கான உறையை வாங்கிக்கொண்டிருந்தாள். நல்ல பெண், உறையை வாங்கிய கையோடு இறங்கி வந்து நதேஜை முத்தமிட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நதேஜும் சொல்லவில்லை.

நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"நன்றின்னு வாயைத் தொறந்த, இந்தத் தட்டை உன் மூஞ்சியில அடிப்பேன்," என்றாள்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு தொட்டி விளிம்பில் உட்கார்ந்தேன்.

"கத்தும்போது தெரியுமா உனக்கு? நான் முதல்ல வந்துக்கிட்டிருந்தேன்னு?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் கத்துனியா?"

"தெரிஞ்சுதான்."

ஒரு கவளத்தை மென்று விழுங்கினாள். பாலாடை நூல் தாடையில் ஒட்டியிருந்தது. அதைத் துடைக்கவில்லை.

"அப்போ நீ எனக்குக் கடன்பட்டிருக்க."

ஆமாம் என்றேன்.  சுவரைக் கட்டினோம், அடுத்த வருஷத்துக்கு ஆட்கள் இப்போதே பெயர் கொடுத்துவிட்டார்கள், ரூவேர் கணவாயைப் பற்றிப் பேசாத ஓட்டக்காரன் இந்தப் பக்கத்தில் இல்லை. ஆல்ப்ஸ் குலுக்கலில் நதேஜ் பெயர் இந்த முறையும் விழவில்லை. நான் நதேஜுக்குத் தரவேண்டியது ஒரு முதலிடம். அதை நான் இன்னும் தரவில்லை.